அண்ணைக்குக் காட்டிய மெசின் பனி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்தால் அது அண்ணைதான். சுவிஸில் அப்போது பின்னேரம் நாலு மணி. "சுகமா இருக்கிறியே?" என்று கேட்பார். "ஓம், சுகம்" என்பேன். அதோடு சுகம் விசாரிப்பு முடிந்துவிடும். அடுத்த கேள்வி, "அங்கை ஸ்நோ எப்பிடி?"

அப்பாவும் அம்மாவும் இருந்த வரைக்கும் கதைக்க ஆயிரம் விஷயம் இருந்தது. மருந்து முடிந்துவிட்டதா, கண் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது என்று ஒவ்வொரு கிழமையும் ஏதாவது வரும். அவர்கள் போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியது பனிதான். அவர் அல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்குக் கிராமத்தில், நான் மொன்ட்ரியாலில். யாழ்ப்பாணத்தில் பிறந்த இரண்டு பேர், கிழமை தவறாமல் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகப் பனி கதைத்தோம்.

அண்ணை கதைத்தால் வானிலை அறிக்கை கேட்பதைப் போல இருக்கும். "மேலை நூற்றியிருபது, கீழை நாப்பது. வடக்குப் பக்கம் மா மாதிரிக் கிடக்கு. தெற்குப் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு கூழ்."

நான் என் பங்குக்குச் சொல்லுவேன். "இஞ்சை மழை பெய்து, பேந்து உறைஞ்சு போச்சு. மெசின் பூட்டி ஸ்நோ அடிக்கினம்."

"கண்டறியாத மெசின் ஸ்நோ! பால்மாவைக் கரைச்சுக் குடிச்சுப்போட்டுப் பசுப்பால் எண்டு சொல்லாதை."

எனக்குக் கோபம் வந்துவிடும். கோபம் எனக்குச் சட்டென்று வரும், சட்டென்று போகும். அவருடைய கிராமத்திலும் மெசின்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். மலை மேலே அதற்கென்றே குளம் வெட்டித் தண்ணீர் தேக்கி வைத்திருக்கிறார்கள். நத்தாருக்குக் கீழ்ச்சரிவெல்லாம் புல்லாகக் கிடக்க, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் ஓடும் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். பனிப்பாறை உருகாமல் இருக்கக் கோடையில் அதற்குப் போர்வை போர்த்துகிறார்களாம். அதைச் சொல்லிக்காட்டினால், "அது வேறை, இது வேறை" என்று அடுத்த கதைக்குத் தாவிவிடுவார்.

இடையில் நோர்வேயிலிருந்து அக்காவும் இணைப்பில் வருவாள். அவளுடைய ஊரில் சறுக்குவது மலையிலிருந்து இறங்குவதற்கல்ல, காட்டுக்குள் நடப்பதற்கு. தோடம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு நாலு மணித்தியாலம் போய் வருவாள். அங்கே சில இடங்களில் போன மாரியின் பனியைக் குவித்து, மரத்தூளால் மூடி, கோடை முழுக்க வைத்திருந்து அடுத்த மாரிக்கு விரிக்கிறார்களாம். "நாங்கள் பழஞ்சோத்திலையும் கெட்டிக்காரர்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளோடு எனக்குச் சண்டையில்லை. சண்டை அண்ணையோடுதான்.

அந்தச் சண்டை பனியில் தொடங்கியதல்ல. எனக்கும் அண்ணைக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். எனக்கு இருபத்தைந்து வயதானபோது அவர் சுவிஸில் தனக்குப் பக்கத்திலேயே ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். நான் மொன்ட்ரியாலிலிருந்து வந்த படத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டினால் இவரைத்தான் என்று நின்றேன். "அந்தக் குளிர்க்காட்டுக்கை போய் என்ன செய்யப்போறாய்?" என்று அண்ணை கேட்டார். அதோடு விட்டுவிட்டார், சீதனத்துக்கும் கலியாணத்துக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் இருபத்தேழு வருடத்தில் ஒரு தடவைகூட இங்கே வரவில்லை. மாரியில் கேட்டால் "ஹோட்டலிலை சீசன்", கோடையில் கேட்டால் "மலை ஏற வாறவையின்ரை சீசன்". நாங்கள் சந்தித்தது இரண்டு செத்தவீட்டிலும் பரிஸில் ஒரு கலியாணத்திலும்தான்.

ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் அவர் என் பனியைப் பழிக்கும்போது, நான் தெரிந்தெடுத்த வாழ்க்கையையே பழிப்பதாக எனக்குப் படும். அவர் ஒரு நாள் இங்கே வந்து பார்த்து, "நல்ல இடம்தான்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் ஆசை அவ்வளவுதான், ஆனால் அது பெரிய ஆசை.

மூன்று வருடத்துக்கு முன் நான் சறுக்கப் பழகியதற்கும் அந்த ஆசைதான் பாதிக் காரணம். மொன்ட்ரியால்-நோரில் ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறேன். ஒரு மாரியில் எங்கள் பொறுப்பாளர் ஊழியர்கள் எல்லோரையும் வடக்கே ஒரு சின்ன மலைக்குக் கூட்டிப் போனார். முதல் பாடம் இலவசம். எனக்கு ஐம்பதுக்கு ஒரு வயது குறைவு. விழுந்தேன், எழும்பினேன், திரும்ப விழுந்தேன். பின்னேரம் ஒரு தடவை விழாமல் கீழே வந்து நின்றபோது, சின்னப்பிள்ளை போலக் கத்தினேன். கூட வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. அடுத்த கிழமை தனியாகப் போனேன். பிறகு ஒவ்வொரு மாரியும் போனேன்.

மெசின் பனியை நான் மதிக்கப் பழகியதும் அந்த மலையில்தான். எங்கள் கியூபெக்கில் குளிருக்குக் குறைவில்லை, ஆனால் நம்ப முடியாது. தை மாதத்தில்கூட இரண்டு நாள் மழை கொட்டும், மறுநாள் எல்லாம் கண்ணாடியாக உறைந்துவிடும். அப்போது மலையைக் காப்பாற்றுவது தண்ணீரையும் காற்றையும் சேர்த்து ஊதுகிற அந்தப் பீரங்கிகள்தான். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி சிவப்புத் தொப்பியோடு பனி ஸ்கூட்டரில் ஓடித்திரிவாள். ஒரு நாள் அவள் பீரங்கிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு பேசாமல் நின்றாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். பனி விழுந்து சட்டைக் கையிலிருந்து துள்ளிப் போனால் நல்லது, ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது என்று விளக்கினாள். காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் கொஞ்சக் குளிரே போதுமாம்; ஈரம் கூடினால் இன்னும் குளிர வேண்டுமாம். அந்த ஞாயிறு அண்ணைக்கு இதைப் பெரிய வித்தையாகச் சொன்னேன். "தெரியும், தெரியும்" என்றார்.

போன இலையுதிர்காலத்தில் அண்ணை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். "தைப்பொங்கலுக்கு வாறன். பத்து நாள் நிப்பன்" என்றார். எனக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை. கூடவே பயமும் வந்தது. முப்பத்தைந்து வருடம் அல்ப்ஸில் இருந்த மனிதரோடு மலையில் இறங்க வேண்டும்! மார்கழி முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பழகினேன். புதுக் கண்ணாடி வாங்கினேன். "ஒலிம்பிக்குக்கே போறாய்?" என்று என் மனுசன் கேட்டார். அவர் இருபத்தேழு வருடமாக வீட்டுப் படிக்கட்டில் விழுந்த பனியைத் தவிர வேறு பனியை மிதிக்காதவர்.

அண்ணை வந்து இறங்கிய அன்று காற்று நன்றாக இருந்தது, பனியும் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மழை தொடங்கியது. ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து இரண்டு நாள் இடைவிடாமல் தண்ணீர் ஒழுகி விழுந்தது. முற்றத்தில் நான் ஆசையாகக் குவித்து வைத்திருந்த பனி சேறாகிப்போனது. பொங்கல் பானையைக் கராஜுக்குள் வைத்துப் பொங்கினோம். அண்ணை யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு, "உதுதான் கனடாவோ?" என்றார். அழுகை வந்துவிட்டது எனக்கு. சர்க்கரை எடுக்கப் போகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன்.

பிறகு ஒரே நாளில் குளிர் திரும்பி வந்தது. மழையில் நனைந்ததெல்லாம் கல்லாக இறுகிவிட்டது. மலையின் அறிக்கையைப் பார்த்தேன்: மூன்று சரிவுகள் மட்டும் திறந்திருக்கின்றன, மற்றதெல்லாம் மூடியிருக்கிறது, மெசின்கள் ஓடுகின்றன. போவோமா விடுவோமா என்று நான் தடுமாற, அண்ணைதான் "வெளிக்கிடு, பாப்பம்" என்றார். என் மனுசன் விடியவே எழும்பிப் புட்டு அவித்து, கத்தரிக்காய் பொரித்து, சம்பல் இடித்து, எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினார். சறுக்கப் போகிறவர்களைவிடச் சாப்பாட்டுக்குத்தான் அந்தக் காரில் கூடிய கவனிப்பு இருந்தது.

தூரத்தில் மலை தெரிந்தது. மழை கழுவிவிட்ட மண்ணும் பாறையும் மொட்டை மரங்களுமாகப் பழுப்பாக நின்றது. அதன் நடுவே மூன்றே மூன்று வெள்ளைப் பட்டைகள். அண்ணை கார்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஏதாவது பழித்திருந்தாலாவது சண்டை பிடித்திருப்பேன்.

சறுக்குக்கட்டை வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உயரம், நிறை, வயது எழுதி, பிறகு ஆரம்பம், நடுத்தரம், தேர்ந்தவர் என்ற மூன்றில் ஒன்றில் அடையாளம் போட வேண்டும். அண்ணை பேனையைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு 'ஆரம்பம்' என்பதில் போட்டார்.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. உதைப் பாத்துத்தான் காலைப் பிடிக்கிற பூட்டை இறுக்குவினம்."

"அதுதான் உண்மையைப் போட்டனான்" என்றார்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. "முப்பத்தைஞ்சு வருசம் அங்கை இருந்தனீங்கள்!"

"குசினியிலை இருந்தனான். குசினிக்கை ஆரடி ஸ்கீ போட்டுக்கொண்டு நிக்கிறது?"

வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இறுக்கமான சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டே சொன்னார். அவர் சமையல் வேலை செய்த ஹோட்டலில் ஆட்கள் நிறைந்திருப்பது மாரியில்தான். மாரியில் அவருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் நித்திரை கொள்வார். ஆனால் காலையில் எழும்பியவுடன் முதலில் பார்ப்பது பனி அறிக்கையைத்தான். "புதுசா விழுந்திருந்தால் ஆக்கள் மத்தியானம் இறங்காயினம். பின்னேரம் பசியோடை வந்து விழுவினம். ஐஸ் எண்டால் பதினொரு மணிக்கே வந்து குந்திடுவினம், சூப்பு பத்தாது. கூழா இருந்தால் ஈரக்காலோடை வந்து கோப்பி கேப்பினம். ஸ்நோவைப் பாக்காமல் எனக்கு எத்தினை உருளைக்கிழங்கு உரிக்கிறதெண்டு தெரியாது."

நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். "ஏன் ஒருக்காலும் சொல்லேல்லை?"

"நீ ஒருக்காலும் கேக்கேல்லையே."

உண்மைதான். இவ்வளவு அளந்து கதைக்கிற மனிதரிடம், அதுவும் மூத்தவரிடம், உங்களுக்குச் சறுக்கத் தெரியுமோ என்று யார் கேட்பது? அது அவமரியாதை என்று எனக்குள்ளேயே தீர்மானித்து, இத்தனை வருடமாக வாயைத் திறக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

"அப்ப நான் சறுக்கிறனெண்டு சொன்னதை என்னெண்டு நினைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

அண்ணை சப்பாத்தின் கொளுக்கியோடு கொஞ்சம் மல்லுக்கட்டினார். "நீயும் என்னைப்போலைதான் எண்டு நினைச்சன். சும்மா கதைக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரை அப்படியே வாங்கில் விட்டுவிட்டு, கட்டைகளை மாட்டிக்கொண்டு கதிரை லிப்டில் ஏறினேன். மேலே ஓரங்கள் எல்லாம் கண்ணாடியாக இருந்தன. நடுவில் மட்டும் மெசின் அடித்த பனி மெத்தென்று விரிந்திருந்தது. அதை விட்டு விலகாமல் இறங்கினேன். இடம், வலம், இடம், வலம். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே அண்ணையின் நீல ஜாக்கெட் பெரிதாகிக்கொண்டு வந்தது. அவருக்கு முன்னால் கட்டைகளைப் பக்கவாட்டாகத் திருப்பி, பனி தெறிக்க நின்றேன். கொஞ்சம் அவருடைய முகத்திலும் தெறித்தது. அது தற்செயலாக நடந்ததல்ல.

அண்ணை முகத்தைத் துடைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சப்பாத்தின் பாரத்தில் ஆடி ஆடிச் சிரித்தார். "எடி, நீ உண்மையாவே இறங்கிறாய்!" என்றார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. நானும் சிரித்தேன். என் மனுசன் கட்டடத்துக்குள்ளிருந்து சாப்பாட்டுப் பெட்டியோடு ஓடி வந்து, யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

பழகுகிறவர்களின் சரிவுக்குப் பக்கத்தில் ஒரு பீரங்கி ஊதிக்கொண்டிருந்தது. சிவப்புத் தொப்பிக்காரி அதற்கு முன்னால் வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அண்ணை நேரே அங்கே போனார். கையுறையைக் கழற்றி, புதிதாக விழுந்த பனியை அள்ளி, உள்ளங்கையில் வைத்துப் பொத்திப் பிடித்தார். பிறகு கையை விரித்து, உருண்டையைப் பெருவிரலால் மெல்லத் தட்டினார். அது உதிர்ந்தது. இன்னொரு பிடி அள்ளினார். திரும்பவும் அப்படியே செய்தார்.

புட்டுக்கு மாக் குழைக்கிற எவருக்கும் தெரியும் அது. பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் கூடினால் களி, குறைந்தால் வெறும் மா. அந்த ஹோட்டலில் சூப்பும் உருளைக்கிழங்கும் ஆக்கிய கைதான், ஆனால் வீட்டில் முப்பத்தைந்து வருடம் புட்டுக்கும் அதுதான் குழைத்தது.

அந்தப் பெண் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவருடைய கிராமமும் பிரெஞ்சு கதைக்கிற பக்கம்தான், அதனால் அண்ணை தன்னுடைய சுவிஸ் பிரெஞ்சில் விளக்கினார். அவள் தன் சட்டைக் கையைக் காட்டினாள். அவர் தன் உள்ளங்கையைக் காட்டினார். அவள் பீரங்கியின் அடிக்குப் போய், வேண்டுமென்றே தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினாள். இருவரும் திரும்பச் சோதித்தார்கள். "நொன்" என்று அண்ணை தலையை ஆட்டினார். அவள் குறைத்தாள். "வுவாலா!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவளுடைய சட்டையிலிருந்து பனி துள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணையின் கையில் அது உதிர்ந்துகொண்டிருந்தது.

பிறகு அவர் சொன்னதைத்தான் நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எங்கள் சுவிஸ் பக்கத்தில் குளிர் வருமா வருமா என்று மெசினை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், உங்களிடம் குளிர் இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள் என்று பிரெஞ்சில் சொன்னார். என்னைக் காட்டி, இவள் என் தங்கச்சி, இருபத்தேழு வருடத்துக்கு முன் இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தாள், நல்ல இடம் என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். "அதைத் தமிழிலை சொல்லுங்கோ."

"எதை?"

"இப்ப சொன்னீங்களே, அதை."

"உனக்குத்தான் பிரெஞ்சு விளங்குமே" என்றார். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் இப்படித்தான். முன்பின் தெரியாதவளிடம் சொல்லுவார்கள், சொந்தச் சகோதரத்திடம் சொல்ல வாய் வராது. ஆனால் எனக்குக் காது இருக்கிறதே. அன்று பூராவும் அந்த வார்த்தை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணைக்குப் பழக்கினேன். கார்தெரியில் மூன்று வயதுக் குழந்தைகளிடம் கதைப்பது போலவே கதைத்தேன். முழங்காலை மடியுங்கோ, கட்டையின் முன்பக்கத்தைச் சேருங்கோ, என்னைப் பாருங்கோ, காலைப் பாக்காதேங்கோ. முதல் தடவை அவர் பத்தடி போய்ப் பனியில் குந்திவிட்டார். இரண்டாம் தடவை என்னையும் சேர்த்து விழுத்தினார். நாலாம் தடவை தன்பாட்டில் கீழே வரை வந்து, நிறுத்தத் தெரியாமல், வேலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனுசன் அதைப் படம் பிடித்து நோர்வேக்கு அனுப்பினார். அறுபத்தைந்து வயது மனிதர் வேலியில் தொங்கியபடி இரண்டு கையையும் உயர்த்தப் பார்த்து, உயர்த்தினால் விழுந்துவிடுவேன் என்று ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

பின்னேரம் நாலு மணிக்குப் பழகுகிறவர்களின் சரிவை மூடுவார்கள். கடைசித் தடவையாக இரண்டு பேரும் ஓடும் ரப்பர் பாயில் ஏறி நின்றோம். அது மிக மெதுவாக மேலே இழுத்துக்கொண்டு போகும். அண்ணை எனக்கு முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவார் என்பதால் முன்னுக்குப் பார்த்தபடியே கேட்டார்.

"இஞ்சை எப்ப மெசின் பூட்டத் தொடங்குவினம்?"

"கார்த்திகையிலை, குளிர் வந்த உடனை."

"அப்ப கார்த்திகைக் கடைசிக்கு எனக்கொரு டிக்கெட் பார். ரெண்டு மாதம் நிப்பன். ஸ்நோ தன்பாட்டிலை விழுமட்டும் காத்துக்கொண்டிருக்க எனக்கு வயசில்லை."

"ஓம் அண்ணை" என்றேன். முன்னால் நின்ற நீல ஜாக்கெட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. பாய் முடிகிற இடத்தில் விழாமல் எப்படி இறங்குவது என்ற பெரிய யோசனையில் இருந்தார்.